0.001, 10 வொக்சல் போதாதாம்: மூளைப் படத்துக்கு எந்தத் திருத்தம் போடுறது?

அட்டன்_காந்தம் எழுதியது:

ஓப்பன்நியூரோங்கிற திறந்த தரவுத் தளத்துல இருந்து இறக்கின ஒரு எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயற்பாட்டு ஸ்கேன்) தொகுதியை மறுபகுப்பாய்வு செய்றேன். 24 பேர், ஒரே குழு, மூணு கொன்ட்ராஸ்ட் (நிலைகளுக்கு இடையிலான வித்தியாசப் படம்). எஸ்பிஎம் மென்பொருள்ல இரண்டாம் மட்டத்துல, அதாவது குழு அளவுல, ஒரு-மாதிரி டி சோதனை. வொக்சல் (படத்தோட சின்னக் கனசதுரப் புள்ளி) 2 மிமீ, ஸ்மூத்திங் (பக்கத்துப் புள்ளிகளோட கலந்து மென்மையாக்குறது) 8 மிமீ. மாஸ்க்குக்குள்ள (பகுப்பாய்வுக்கு எடுத்த மூளை இடம்) கிட்டத்தட்ட 180,000 வொக்சல்.

திருத்தம் இல்லாம பி 0.001, குறைஞ்சது 10 வொக்சல்னு வச்சா படம் அழகா வருது. இன்சுலா, முன் சிங்குலேட், வலப்பக்கம் அமிக்டலா மாதிரி சின்னதா ஒண்ணு. இதை வச்சு எழுதினதை ரிவியூவர் ஒரே வரியில திருப்பிட்டார்: பன்முக ஒப்பீட்டுக்குத் திருத்தம் செய்யவில்லை. சரின்னு எஃப்டபிள்யூஈ (முழுப் படத்துலயும் ஒரு பொய்யாவது வர்ற வாய்ப்பு) 0.05 வச்சேன், மூணுலயும் ஒரு புள்ளிகூட மிஞ்சல. ஆனா அட்டவணையில எஃப்டிஆர் (தேறினதுல பொய்யோட பங்கு) கியூ பத்தியில ரெண்டு எண் 0.05க்குக் கீழ நிக்குது.

கேட்க வந்தது மூணு விஷயம். 10 வொக்சல்ங்கிறது ஒரு திருத்தமே இல்லையா? எஃப்டிஆரை எடுத்துக்கிட்டா யாராவது குறை சொல்லுவாங்களா? வரிசைமாற்றச் சோதனைதான் (தரவை எழுமாற்றா மாத்தி மாத்தி ஒப்பிடுறது) நல்லதுன்னா, 8 ஜிபி லெப்டொப்ல, அடிக்கடி கரண்ட் போற இடத்துல அது ஓடுமா?


மூடுபனி எழுதியது:

முதல்ல அந்த 10 வொக்சல். 180,000 சோதனை, ஒவ்வொண்ணும் 0.001. மூளையில ஒண்ணுமே நடக்கலன்னாலும் சராசரியா 180 வொக்சல் எல்லையைத் தாண்டும். அந்த 180உம் உப்புத் தூவின மாதிரி தனித்தனியா விழுந்தா உங்க நிபந்தனை எல்லாத்தையும் துடைச்சிருக்கும். ஆனா ஸ்மூத் பண்ணின படத்துல பொய்ப் புள்ளிகள் தனியா விழாது, கட்டியாத்தான் விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. எஸ்பிஎம் அட்டவணைக்கு அடியில சின்ன எழுத்துல எஃப்டபிள்யூஎச்எம்னு மூணு எண் இருக்கும், படத்தோட மென்மையைச் சொல்றது. அது நீங்க போட்ட 8 மிமீயைவிடக் கூடவே நிக்கும், ஏன்னா படத்துக்கே ஒரு மென்மை ஏற்கெனவே இருக்கு. 10 மிமீன்னு வச்சுக்குவோம். ஒரு ரெசல் (அந்த மென்மை அளவுல ஒரு கட்டி) 10×10×10, அதாவது 1000 கன மிமீ, உங்க வொக்சல்ல 125. நீங்க கேட்கிற 10 வொக்சல் வெறும் 80 கன மிமீ. ஒரு ரெசல்ல பன்னிரண்டில ஒரு பங்குகூட வராது. இரைச்சல் கட்டி ஒண்ணு அதை ஒரே எட்டுல தாண்டிடும். இன்னொரு கூத்து: இதே 10 வொக்சலை 3 மிமீ கட்டத்துல வச்சா 270 கன மிமீ ஆயிடும். ஒரே எண், மூணு மடங்குக்கு மேல கடுமை. கட்டத்தோட அளவைப் பொறுத்து மாறுற ஒண்ணைத் திருத்தம்னு எப்படிச் சொல்றது?

2009ல கிரேக் பெனட்டும் கூட்டாளிகளும் செத்த மீனை ஸ்கேனருக்குள்ள வச்சுக் காட்டினது இதைத்தான். நம்ம கடை டின்ல வர்ற செமன் இல்லீங்க, முழு அத்திலாந்திக் சால்மன். அதுக்கு மனுஷங்க படத்தைக் காட்டி "இவங்க என்ன உணர்ச்சியில இருக்காங்க"ன்னு கேட்டாங்க. திருத்தம் இல்லாத 0.001ல 8064 வொக்சல்ல 16 "வேலை செஞ்சது". திருத்தினதும் ஒண்ணும் இல்ல. 2012ல இக் நொபெல் (சிரிக்க வச்சுச் சிந்திக்க வைக்கிற ஆய்வுக்கான பரிசு) கிடைச்சுது. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா அந்த 0.001ஐக் கைவிட்டவங்க ரொம்பக் கொஞ்சம்.

இனி எஃப்டபிள்யூஈ ஏன் எல்லாத்தையும் விழுங்கிச்சுன்னு. பொன்ஃபெரோனி கணக்குல 0.05ஐ 180,000ஆல வகுத்தா 0.00000028, இசட் அளவுல 5.0. பக்கத்துப் பக்கத்து வொக்சல் ஒண்ணையொண்ணு ஒத்துப் போறதால உண்மையில அவ்வளவு சோதனை கிடையாது. அதைக் கணக்குல எடுக்கிறதுதான் கீத் வோர்ஸ்லி மூளைப் படத்துக்குக் கொண்டு வந்த எழுமாற்றுக் களக் கோட்பாடு.

அதிகாலையில அப்புத்தளையில நின்னு கீழ பாருங்க. பனி பள்ளத்தாக்கை மூடியிருக்கும், உச்சிகள் மட்டும் தீவு தீவா வெளிய நிக்கும். பனி மட்டம்தான் உங்க வெட்டுமட்டம். பனி தாழ இருந்தா தீவுகளுக்குள்ள குழியும் வளையமும் தெரியும். மேல ஏற ஏறக் குழியெல்லாம் மறைஞ்சு தனித் தீவுகள்தான் மிஞ்சும், இன்னும் ஏறினா ஒண்ணு, அப்புறம் ஒண்ணுமில்ல. ஒயிலர் எண்ங்கிறது தீவுகளையும் குழிகளையும் கூட்டிக் கழிக்கிற ஒரு எண்ணிக்கை. பனி நல்லா மேல இருக்கும்போது அந்த எண் ஒண்ணு இல்லன்னா சுழி. ஆகவே அதோட எதிர்பார்ப்புப் பெறுமதியும், "வெறும் இரைச்சல்ல ஒரு உச்சியாவது பனிக்கு மேல தலை நீட்டுற" நிகழ்தகவும் ஏறக்குறைய ஒண்ணாயிடும். அந்த எதிர்பார்ப்பு 0.05 ஆகிற உயரம்தான் எஃப்டபிள்யூஈ வெட்டுமட்டம்.

உங்க கணக்குல 180,000ஐ 125ஆல வகுத்தா 1440 ரெசல். அதுக்கு வெட்டுமட்டம் இசட் 4.7 அளவுல வரும். 5.0ல இருந்து 4.7, அவ்வளவுதான் சலுகை. 24 பேருக்கு, சுயாதீனப் பாகை 23ல, அது டி அளவுல ஆறைத் தாண்டும். பாகை குறைவா இருக்கும்போது இந்தக் கோட்பாடு தேவைக்கு மேல கடுமை காட்டும்ங்கிறதும் தெரிஞ்ச விஷயம். ஆகவே "ஒண்ணும் மிஞ்சல"ன்னா விளைவு இல்லன்னு அர்த்தம் இல்ல. இந்தக் கருவி இந்த ஆள் எண்ணிக்கையில அதைப் பார்க்காது, அவ்வளவுதான்.


நானுஓயா_ரயில் எழுதியது:

தம்பி, எஸ்பிஎம்-லயே கிளஸ்டர் (ஒட்டியிருக்கிற வொக்சல் கட்டி) அளவுல திருத்தலாம், வேற மென்பொருள் வேண்டியதில்ல. ரிசல்ட்ஸ்ல கொன்ட்ராஸ்ட்டைத் தெரிவு பண்ணுங்க. பி பெறுமதிச் சரிக்கட்டல் கேட்கும், "இல்லை"ன்னு குடுங்க. 0.001. கிளஸ்டர் பருமன் சுழி. முழு மூளை அட்டவணையை எடுத்து அடியில பாருங்க, எஃப்டபிள்யூஈ-சீன்னு ஒரு எண் இருக்கும். இந்தப் பருமனும் இதுக்கு மேலயும் இருக்கிற கிளஸ்டர்கள்தான் 0.05ல நிக்கும்னு அர்த்தம். அதைக் குறிச்சுக்கிட்டு, மறுபடி ரிசல்ட்ஸ் போய்ப் பருமன் பெட்டியில அந்த எண்ணைப் போடுங்க. மூணு கொன்ட்ராஸ்டுக்கும் எண் வேற வேறயா வரும், ஒண்ணோடதை இன்னொண்ணுக்குப் போடாதீங்க.

0.001ஐ 0.01 ஆக்கி "கிளஸ்டர் திருத்தம் போட்டுட்டேன்"னு மட்டும் எழுதிடாதீங்க. எக்லுண்ட், நிக்கொல்ஸ், நட்சன் மூணு பேரும் 2016ல செஞ்சது அதைத்தான் சோதிச்சுது. 499 நலமானவங்களோட ஓய்வுநிலைத் தரவை எடுத்து, இல்லாத ஒரு வேலையை இருக்கிற மாதிரி வச்சு, எழுமாற்றாக் குழு பிரிச்சு லட்சக்கணக்கில பகுப்பாய்வு ஓட்டினாங்க. எதுவும் வரக்கூடாத இடம் அது. 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய் நேர்முடிவு, 0.01 மாதிரித் தளர்ந்த வெட்டுல சில அமைப்புகள்ல 70 சதவீதம் வரை போச்சு. 0.001ல நிலைமை எவ்வளவோ தேவல, இருந்தாலும் முழுசாச் சரியில்ல. காரணம், இடத்தோட ஒத்துப்போகிற தன்மை செவ்வன் வடிவத்துல சட்டுன்னு விழும்னு மென்பொருள் எடுத்துக்கிச்சு. நிஜத்துல அதுக்கு நீளமான வால் இருக்கு. வால் நீளமா இருந்தா இரைச்சல் கட்டியும் பெருசாகும், நீங்க அதைச் சமிக்ஞைன்னு எண்ணிடுவீங்க. இதுக்கு அப்புறம்தான் எஃப்எஸ்எல்ங்கிற மென்பொருள் தன்னோட வழமையான இசட் வெட்டை 2.3ல இருந்து 3.1க்கு ஏத்திச்சு.

அஃப்னிங்கிற மென்பொருள் பாவிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கிளஸ்டர் பருமன் எல்லையைக் கணக்கிடுற த்ரீடி-கிளஸ்ட்சிம்ல பழைய எஃப்டபிள்யூஎச்எம் ஒத்தை எண்ணைக் குடுக்காதீங்க. ஒவ்வொருத்தரோட எச்சத் தரவுலயும் த்ரீடி-எஃப்டபிள்யூஎச்எம்-எக்ஸை ஏசிஎஃப் ஒப்ஷனோட ஓட்டி, வர்ற மூணு பரமானத்தையும் ஆட்களுக்கு மேல சராசரி எடுத்து அதைக் குடுக்கணும். அந்த நீள வாலைப் பிடிக்கத்தான் அது.

அப்புறம் யாரும் சொல்லாத ஒரு குழி: எது "பக்கத்து வொக்சல்"? அஃப்னி அட்டவணையில முகம் தொட்டா மட்டும் (6), விளிம்பும் சேர்த்து (18), மூலையும் சேர்த்து (26)னு மூணு தனிப் பகுதி வரும். எஸ்பிஎம் 18. எஃப்எஸ்எல் வழமையா 26. 6க்குரிய பருமனை அஃப்னியில எடுத்து, 26ல எண்ணின கிளஸ்டரோட ஒப்பிட்டா, தொட்டும் தொடாமலும் இருக்கிற ரெண்டு கட்டி ஒண்ணாச் சேர்ந்து தேறிடும்.


தராசு எழுதியது:

எஃப்டிஆர் பற்றி மட்டும்.

கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைச்சுக்குங்க. எஃப்டபிள்யூஈ சொல்றது: கூடைக்குள்ள ஒரே ஒரு முத்தல் இலைகூட இருக்கிற வாய்ப்பு 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. எஃப்டிஆர் சொல்றது: கூடைக்குள்ள முத்தல் இருக்கலாம், ஆனா சராசரியில நூத்துக்கு அஞ்சுக்கு மேல வேண்டாம். ரெண்டும் வேற வேற வாக்குறுதி. ரெண்டுலயும் 0.05ன்னு எழுதுறதாலதான் இவ்வளவு குழப்பம்.

எஃப்டிஆர்ல ஒரு வினை இருக்கு. கூடை பெருசானா முத்தலுக்கும் இடம் பெருசாகும். பார்வைப் புறணியில உண்மையாவே 4000 வொக்சல் எழும்புற ஒரு கொன்ட்ராஸ்ட்ல, அந்தப் பலத்துல வேற எங்கேயோ 200 பொய் வொக்சல் உள்ள வரும். அந்த 200 அமிக்டலாவில ஒட்டிக்கிட்டு இருந்தா நீங்க அதை வச்சு ஒரு முழுப் பத்தி எழுதுவீங்க. எஃப்டிஆர் தன் வாக்கைக் காப்பாத்திடுச்சு, பத்தி மட்டும் பொய். ஜெனொவீஸ், லாசார், நிக்கொல்ஸ் 2002ல இதை மூளைப் படத்துக்குக் கொண்டு வந்தாங்க. 2009ல சம்ப்ளியும் ஃப்ரிஸ்டனும் வொக்சல் எண்ணிக்கையில எஃப்டிஆர் கூடாது, உச்சி அல்லது கிளஸ்டர் எண்ணிக்கையில செய்யணும்னு வாதாடினாங்க. இப்ப உங்க எஸ்பிஎம் அட்டவணையில தெரியிற கியூ பத்தி அந்த வகைதான். கிளஸ்டர் பக்கத்துல இருக்கிற கியூவா, உச்சிப் பக்கத்துல இருக்கிற கியூவான்னு பார்த்துச் சொல்லுங்க, எழுதும்போது அதைப் பேர் சொல்லி எழுதணும். முக்கியமா, எஃப்டபிள்யூஈயில ஒண்ணும் வரலன்னு எஃப்டிஆருக்குத் தாவினதா மட்டும் இருக்கக்கூடாது.

என்னைக் கேட்டா எஃப்டிஆருக்குச் சரியான இடம் ஆர்ஓஐ (ஆர்வப் பகுதி) பட்டியல். எட்டுப் பகுதியை முன்கூட்டியே தெரிவு செஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பி கிடைச்சிருக்குன்னு வைங்க, சின்னதுல இருந்து பெருசுக்கு: 0.001, 0.008, 0.012, 0.021, 0.034, 0.041, 0.27, 0.60. பெஞ்சமினி-ஹொக்பர்க் முறையில ஒவ்வொண்ணையும் அதோட வரிசை எண்ணை எட்டால வகுத்து 0.05ஆல பெருக்கினதோட ஒப்பிடணும்: 0.00625, 0.0125, 0.01875, 0.025, 0.03125, 0.0375, அப்படிப் போகும். நாலாவது 0.021, எல்லை 0.025, தேறுது. அஞ்சாவது 0.034, எல்லை 0.03125, தேறல. ஆறாவதும் தேறல. ஆக நாலு பகுதி. இதே பட்டியலுக்குப் பொன்ஃபெரோனி போட்டா எல்லை 0.00625, ஒண்ணே ஒண்ணுதான் நிக்கும். ஹோம் முறையிலயும் அதே ஒண்ணுதான், ரெண்டாவதுக்கு எல்லை 0.00714, உங்ககிட்ட இருக்கிறது 0.008.

எக்செல்ல கையால செய்றவங்க எல்லாரும் விழுற இடம்: மேல இருந்து வந்து முதல் தோல்வியில நிறுத்திடுறது. கீழ இருந்து மேல வரணும். மேல சொன்ன பட்டியல்ல ஆறாவது 0.041க்குப் பதில் 0.037 ஆக இருந்திருந்தா அது தன் எல்லை 0.0375க்குள்ள வந்திடும். அப்போ ஆறும் தேறும், தன் எல்லையைத் தாண்டின அந்த அஞ்சாவதும் சேர்த்து.


மூடுபனி எழுதியது:

தராசு அண்ணே சொன்னதோட ஒரு இடத்துல ஒத்துப் போகமாட்டேன். உச்சி எஃப்டிஆரும் 24 பேருக்கு நம்பிச் சாயிற சுவர் இல்ல, அதுவும் அதே எழுமாற்றுக் களத்துல இருந்துதான் பி எடுக்குது. அடித்தளம் ஆடினா ரெண்டும் ஆடும். இந்தத் தரவுக்கு நான் வரிசைமாற்றத்துக்குத்தான் போவேன்.


பதுளை_எழுமாற்று எழுதியது:

வரிசைமாற்றத்துக்கு எஃப்எஸ்எல் ராண்டமைஸ் பாவிங்க. விண்டோஸ்னா டபிள்யூஎஸ்எல்லுக்குள்ள (விண்டோஸுக்குள்ள ஓடுற லினக்ஸ்) எஃப்எஸ்எல் போட்டுக்கலாம். நினைவகம் பிரச்சினை இல்ல. 91×109×91 கட்டம், 24 படம், வொக்சலுக்கு 4 பைட்னு போட்டா 87 எம்பி அளவுதான் வரும்.

எஸ்பிஎம்-ல இருந்து கொன் (கொன்ட்ராஸ்ட்) கோப்புகளை எடுத்துட்டு வரும்போது, மாஸ்க்குக்கு வெளிய அதுல சுழி இருக்காது, 'நான்' (NaN) இருக்கும், "எண் இல்லை"ங்கிற பெறுமதி. அதை அப்படியே விட்டா மாஸ்க்கும் கெடும், சராசரியும் கெடும். எஃப்எஸ்எல்-மெத்ஸ்ல 'நான்' (NaN) ஒப்ஷனைப் போட்டு சுழியாக்குங்க. அப்புறம் எஃப்எஸ்எல்-மேர்ஜ்ல நேர அச்சுல ஒட்டி ஒரே நாலு பரிமாணக் கோப்பா ஆக்குங்க. மாஸ்க்குக்கு அந்தக் கோப்போட தனிப்பெறுமதியை எடுத்து, ஆட்களுக்கு மேல இழிவுப் பெறுமதி பார்த்து, இருமமாக்குங்க. 24 பேருக்கும் தரவு இருக்கிற இடம் மட்டும் மிஞ்சும். அதை ஒருதரம் கண்ணால பாருங்க. ஒரே ஒருத்தருக்கு மேல் பகுதி வெட்டுப்பட்டிருந்தாலும் எல்லாருக்கும் அது போயிடும்.

ஒட்டும்போது வரிசையைக் கவனிங்க. கோப்புப் பேர்ல 1, 2, 10ன்னு இருந்தா கணினி அகரவரிசையில 1, 10, 11, 2ன்னு அடுக்கும். ஒரு-மாதிரிச் சோதனைக்கு அது பரவாயில்ல. வயசோ மதிப்பெண்ணோ இணைமாறியா உள்ள வந்த உடனே ஒவ்வொருத்தர் வயசும் இன்னொருத்தர் மூளைக்குப் போயிடும், பிழைச் செய்தி எதுவும் வராது.

கட்டளைக்கு வேண்டியது: உள்ளீடு, வெளியீட்டுப் பேர், மாஸ்க், ஒரு-மாதிரிக்குரிய இலக்கம் ஒண்ணு ஒப்ஷன், 5000 வரிசைமாற்றம், டிஎஃப்சிஈக்கு (கீழ விளக்குறேன்) பெரிய எழுத்து டி. எதிர்த்திசைக்கு, ஒட்டின கோப்பை மைனஸ் ஒண்ணால பெருக்கி மறுபடி ஓட்டுங்க, அல்லது டிசைன் கோப்பு எழுதி ரெண்டு கொன்ட்ராஸ்ட் வையுங்க. விதை எண்ணையும் (எழுமாற்று எண்களோட தொடக்க எண்) குடுத்துக் குறிச்சு வைங்க. நாளைக்கு அதே விடை வேணும்னா அது இல்லாம வராது.

உள்ளுக்குள்ள நடக்கிறது: விளைவு இல்லன்னா ஒவ்வொருத்தர் படத்துக்கும் கூட்டலும் கழித்தலும் ஒண்ணுதான். ஆகவே குறியை எழுமாற்றா மாத்தி, மறுபடி டி படம் செஞ்சு, முழு மூளையிலயும் அதி உயர்ந்த ஒரே ஒரு எண்ணை எழுதி வைக்குது. 5000 தடவை. உங்க உண்மையான படத்துல ஒரு வொக்சல், அந்த 5000 உச்சங்கள்ல 95 சதவீதத்தைத் தாண்டினா எஃப்டபிள்யூஈ 0.05. மென்மை எவ்வளவு, வால் எவ்வளவு நீளம்னு யாரும் அனுமானிக்க வேண்டியதில்ல, தரவே சொல்லிடும். ஒரே அனுமானம், பிழைகள் சமச்சீரா இருக்கணும். ஒரு பக்கம் சாய்ஞ்ச தரவுல ஒரு-மாதிரிச் சோதனை கொஞ்சம் பிசகும்னு அதே 2016 வேலையிலயும் தெரிஞ்சுது. ஒரு ஆளோட கொன் படம் மத்தவங்களைவிடப் பத்து மடங்கு பெருசா இருந்தா முதல்ல அதைப் பாருங்க.

24 பேருக்கு 2இன் 24ஆம் அடுக்கு, 16,777,216 குறிச் சேர்க்கை இருக்கு, தாராளம். 5 பேரா இருந்தா 32தான், கிடைக்கக்கூடிய மிகச் சின்ன பி 0.031. 4 பேர்னா 16. 0.0625க்குக் கீழ பி இறங்கவே இறங்காது, மூளை தீப்பிடிச்சு எரிஞ்சாலும்.

டிஎஃப்சிஈ என்னன்னா, மூடுபனியோட பனியையே எடுத்துக்கலாம். சிவனொளிபாதமலை 2243 மீற்றர், ஒடுங்கின கூம்பு. ஹோட்டன் சமவெளி 2100 மீற்றர் அளவுல பரந்து கிடக்கும். பனி 2200ல நின்னா கூம்பு மட்டும், 2000ல நின்னா சமவெளிதான் பெருசாத் தெரியும். எந்த மட்டம்னு நீங்க தெரிவு செஞ்சா அதுவே ஒரு சாய்வு. டிஎஃப்சிஈ பனியை அடியில இருந்து உச்சி வரை படிப்படியா ஏத்தி, ஒவ்வொரு படியிலயும் அந்த வொக்சல் நிக்கிற தீவோட பரப்புக்கு வர்க்கமூலமும் உயரத்துக்கு வர்க்கமும் எடுத்துப் பெருக்கிக் கூட்டுது. ஸ்மித்தும் நிக்கொல்சும் 2009ல குடுத்த வழமை எண்கள் அவை, 0.5உம் 2உம். மாத்தாதீங்க. மாத்திப் பார்த்து நல்லா வர்றதை எடுத்தா அது இன்னொரு பன்முக ஒப்பீடு.

கரண்ட் விஷயம்: ராண்டமைஸ் நடுவுல நின்னா நின்ன இடத்துல இருந்து தொடராது. முதல்ல 100 வரிசைமாற்றம் ஓட்டி எவ்வளவு நேரம்னு பாருங்க, ஐம்பதால பெருக்குங்க. லெப்டொப் பெட்டரிக்கு மேல போச்சுன்னா கொன்ட்ராஸ்ட் ஒவ்வொண்ணாப் பிரிச்சு ஓட்டுங்க. வேலையைத் துண்டு போட்டு ஒட்டுற ராண்டமைஸ்-பேரலல்னு ஒண்ணும் இருக்கு.


அட்டன்_காந்தம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கியூ பத்தி உச்சிப் பக்கத்துலதான் இருந்துச்சு, அதை விட்டுட்டேன். பதுளை அண்ணே சொன்னபடி ஓட்டி முடிச்சேன். ஆனா டிஎஃப்சிஈ-கோர்-பி கோப்பை எஃப்எஸ்எல்-ஐஸ்ல (படம் பார்க்கிற கருவி) திறந்து 0.05ன்னு வெட்டினா முழு மூளையும் மஞ்சளா எரியுது. வெறும் திரவம் இருக்கிற வென்ட்ரிக்கிள்கூட. எங்க பிழை?


பதுளை_எழுமாற்று எழுதியது:

பிழை இல்ல தம்பி. அந்தக் கோப்புல இருக்கிறது பி இல்ல, ஒன்று கழித்தல் பி. நிறம் கூடினா முக்கியத்துவம் கூடுற மாதிரித் தெரியணும்னு அப்படிச் சேமிக்குது. கீழ் எல்லையை 0.95ன்னும் மேல் எல்லையை 1ன்னும் வைங்க. ரெண்டு திசையும் பார்க்கிறதால 0.975. கோர் இல்லாத வெறும் டிஎஃப்சிஈ-பின்னு இன்னொரு கோப்பு பக்கத்துலயே கிடக்கும். அது திருத்தாதது, அதைத் திறந்தா மறுபடி பழைய 0.001 உலகத்துக்குப் போயிடுவீங்க. உச்சியோட ஆயத்தொலைவைக் கோர்-பி கோப்புல எடுக்காதீங்க, அதுல பெரிய இடம் முழுக்க ஒரே எண்ணா இருக்கும். தேறின இடத்தை மாஸ்க்கா வச்சு டி-ஸ்டாட் கோப்புல எடுங்க.


அட்டன்_காந்தம் எழுதியது:

0.975ல மூணாவது கொன்ட்ராஸ்ட்ல மட்டும் ஒரே கிளஸ்டர், 412 வொக்சல், இடது இன்சுலாவில இருந்து புட்டாமென் வரை. அதிகூடிய கோர்-பி 0.994. அமிக்டலா போயிடுச்சு. அமிக்டலாவைச் சின்னக் கன அளவுத் திருத்தத்துல காப்பாத்தலாமா? பழைய உச்சியைச் சுத்தி 8 மிமீ கோளம் போட்டா வருது.


நானுஓயா_ரயில் எழுதியது:

வரும். வராம எப்படி இருக்கும், உச்சியைச் சுத்தித்தானே கோளம் போட்டீங்க. அம்பு விட்டுட்டு அப்புறம் வட்டம் வரையிற வேலை அது. 8 மிமீ கோளத்துல 268 வொக்சல் அளவுதான், 180,000க்குத் தர வேண்டிய விலையை 268க்குக் குடுத்துத் தப்பிக்கப் பார்க்குது. அமிக்டலா உங்க கருதுகோள்ல முதல்ல இருந்தே இருந்திருந்தா, அட்லஸ்ல இருந்து இடமும் வலமும் சேர்த்து ஒரே மாஸ்க்கா எடுத்து அதுக்குள்ள திருத்தலாம். தனித்தனியா ரெண்டு எடுத்தா ரெண்டு சோதனை, 0.025. கருதுகோள்ல இல்லன்னா அதை விட்டுடுங்க. திருத்தாத படத்தை முழுசா நியூரோவோல்ட்ல (மூளைப் படங்களைப் பகிர்ற தளம்) ஏத்தி வைங்க, அமிக்டலா அங்க இருக்கும், வேற யாராவது நாலு தொகுதியைச் சேர்த்துப் பார்க்கும்போது அது உதவும்.


மூடுபனி எழுதியது:

மூணு கொன்ட்ராஸ்ட், ரெண்டு திசை, ஆறு சோதனை. ஒவ்வொண்ணும் 0.05ல ஓடினா, சுயாதீனம்னு வச்சுக்கிட்டா, ஒரு பொய்யாவது வர்ற வாய்ப்பு 26 சதவீதம். ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கச்சிதமாத் திருத்திட்டுப் படங்களுக்கு இடையில வாசலைத் திறந்து விடுறது நிறையப் பேர் செய்றது. 0.05ஐ ஆறால வகுத்தா 0.0083, கோர்-பி 0.9917. உங்க 0.994 அதைத் தாண்டுது. ஆனா 5000 வரிசைமாற்றத்துல பி 0.006ன்னா பிழை எல்லை கூட்டியோ குறைச்சோ 0.0022. மேல் முனை 0.0082, கத்தி முனையில நிக்குது. அந்த ஒரு கொன்ட்ராஸ்டை மட்டும் 20,000க்கு ஓட்டுங்க, எல்லை பாதியாச் சுருங்கும். எண்ணிக்கையைக் கூட்டுறது ஏமாத்து வேலை இல்ல, அது வெறும் அளவுகோலைத் துல்லியமாக்குறது. விதையை மாத்தி மாத்தி ஓட்டி நல்லது வந்ததும் நிறுத்துறதுதான் ஏமாத்து.

அப்புறம் "இன்சுலாவும் புட்டாமெனும் செயற்பட்டன"ன்னு எழுதாதீங்க. அந்த 412 வொக்சல் தீவுக்குள்ள எங்கேயோ சமிக்ஞை இருக்குங்கிறது மட்டும்தான் நிரூபணம். இன்சுலா முழுக்கப் பொய்யா இருந்து புட்டாமென் மட்டும் உண்மையா இருந்தாலும் இதே விடை வரும்.

முறையியல் பகுதிக்கு இப்படி வச்சுக்கலாம், எண்ணை மட்டும் மாத்துங்க: "குழு மட்டப் பகுப்பாய்வு, ஒரு-மாதிரிக் குறிமாற்றச் சோதனையாக ராண்டமைஸ் மென்பொருளில் 20,000 வரிசைமாற்றங்களுடன் செய்யப்பட்டது. டிஎஃப்சிஈ வழமைப் பரமானங்கள் (உயரம் 2, பரப்பு 0.5, அயல் 6) மாற்றப்படவில்லை. முழு மூளை எஃப்டபிள்யூஈ திருத்தத்தின் மேல், மூன்று கொன்ட்ராஸ்டுக்கும் இரு திசைக்குமாக எல்லை 0.0083 எனக் கொள்ளப்பட்டது. முதல் வடிவத்தில் இருந்த திருத்தப்படாத முடிவுகள் நீக்கப்பட்டன." கடைசி வாக்கியத்தை வெட்டிடாதீங்க, அந்த ரிவியூவர் முதல்ல தேடப் போறது அதைத்தான்.